பனிக்கடியில் தூங்கும் பர்ராமிஸ்

கேள்வி இது: "வயிற்றில் பை உள்ள விலங்குகள் என்றால் கங்காரு, கோலா மாதிரி வெயில் நாட்டு விலங்குகள்தானே? ஆனால் ஆஸ்திரேலியாவில் பனிக்கடியில் மாதக்கணக்கில் தூங்கும் ஒரு குட்டி இனம் இருக்கிறதாம். அது அழிந்துபோனதாக நினைத்து, பிறகு உயிரோடு கிடைத்ததாம். உண்மையா? அதற்கும் அந்துப்பூச்சிக்கும் என்ன சம்பந்தம்?"

எல்லாமே உண்மை. அந்துப்பூச்சியைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, ஏனென்றால் அதைப் புரிந்துகொண்டால்தான் இந்த விலங்கு புரியும்.

விலங்கின் அறிவியல் பெயர் பர்ராமிஸ் பார்வஸ். ஆங்கிலத்தில் மலைக் குள்ளப் பாஸம் என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு (பாஸம் என்பது ஆஸ்திரேலியாவில் மரமேறி வாழும் ஒரு வகைப் பை விலங்கு). ஆய்வாளர்கள் பேச்சில் வெறும் பர்ராமிஸ்தான், நானும் அப்படியே சொல்கிறேன். 'பர்ரா' என்பது கல்லைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது, 'மிஸ்' கிரேக்கத்தில் எலி. கல் எலி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எலிக்கும் இதற்கும் உறவே இல்லை. குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் பாலூட்டி இது.

எடை சுமார் 45 கிராம், ஒரு நாட்டுக்கோழி முட்டையின் எடை. தலையும் உடலும் சேர்ந்து 11 சென்டிமீட்டர். வால் அதைவிட நீளம், 14 சென்டிமீட்டர் இருக்கும். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளிர் மஞ்சள். பெரிய கருவிழிகளைச் சுற்றி மை தீட்டியது போல ஒரு கருவளையம். வாலின் அடிப்பகுதியில் மட்டும்தான் அடர்ந்த ரோமம், மீதியெல்லாம் கிட்டத்தட்ட வெறும் தோல். கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள அந்த வால் உதவும். பகல் முழுக்கப் பாறை இடுக்கில் இருக்கும். இருட்டிய பிறகுதான் வெளியே வரும்.

முதலில் அது கிடைத்த கதை. 1894-இல் ராபர்ட் புரூம் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நியூ சவுத் வேல்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஆதி மனிதப் புதைபடிவங்களைத் தேடிப் புகழ்பெற்றவர் இவரேதான். வோம்பெயன் குகைகளுக்குப் பக்கத்தில் அவருக்குச் சில சிறு தாடையெலும்புகள் கிடைத்தன. அவற்றில் ஒரு பல் அவரை உறுத்தியது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் தனியாக ஒரு பெரிய பல், அதன் மேல் வரிவரியாக மேடுகள், விளிம்பு ரம்பம் போல. உயிரோடிருக்கும் எந்தப் பாஸத்துக்கும் அப்படி ஒரு பல் இருப்பதாக அன்று யாருக்கும் தெரியாது. புரூம் புது இனமென்று பெயர் வைத்தார், அழிந்துபோன இனம் என்ற கணக்கில். கங்காருகளுக்கு நெருங்கியதா, பாஸங்களுக்கு நெருங்கியதா என்பதில் குழப்பம் நீடித்தது. 1956-இல்தான் ரைட் என்ற விலங்கியலாளர் புதைபடிவத்தைச் சூழ்ந்த கல்லை அமிலத்தால் கரைத்து எடுத்துப் பார்த்து, குள்ளப் பாஸங்களின் உறவு என்று காட்டினார்.

பத்து வருடம் கழித்து, 1966 ஆகஸ்டில், அங்கே நடுக்குளிர்காலம். விக்டோரியா மாநிலத்தின் ஹாதம் மலையில் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் தங்கும் ஒரு விடுதிக்குள் சிறு விலங்கு ஒன்று அலைந்துகொண்டிருந்தது. அங்கே தங்கியிருந்த கென்னத் ஷார்ட்மேன் அதைப் பிடித்தார். எலி என்று வெளியே தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதை மெல்போர்னுக்குக் கொண்டுபோய்த் தெரிந்தவர்களிடம் காட்டினார். வாயைத் திறந்து பார்த்தால் அதே பல்! எழுபது வருடத்துக்கு மேலாகப் புதைபடிவம் மட்டுமே என்று எண்ணப்பட்ட இனம், விடுதிக் கட்டடத்தைச் சுற்றியிருந்த பாறைகளுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. சில ஆண்டுகளில் காஸ்கியூஸ்கோ மலைப்பகுதியிலும் அது இருப்பது தெரிந்தது. 1996-இல் புல்லர் மலையிலும் கண்டுபிடித்தார்கள். ஆக மூன்று கூட்டங்கள். மரபணுவைப் பார்த்தால் இவை 20,000 ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றோடொன்று கலக்காதவை.

அந்தப் பல் எதற்கு என்றால், விதை உடைக்க. மலைப் பிளம் பைன் என்று ஒரு செடி அங்கே உண்டு. மரமென்று சொல்ல முடியாது, பாறைகளின் மேல் பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கும். நூற்றுக்கணக்கான ஆண்டு வாழும். அதன் விதைகளின் ஓடு கெட்டியானது. பர்ராமிஸ் உட்கார்ந்து விதையை இரண்டு முன்கைகளாலும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயின் ஓரத்துக்குத் தள்ளும். அந்த ரம்பப்பல்லின் மேடுகளுக்கு இடையே ஓடு வழுக்காமல் நிற்கும். அழுத்தினால் உடைந்துவிடும். நாம் கடினமான பாக்கை முன்பல்லால் கடிக்காமல் கடைவாய்க்குத் தள்ளுகிறோமே, அதே வேலைதான். கூடுதல் விதைகளைப் பாறை இடுக்கில் சேர்த்தும் வைக்கும். வயிற்றில் பை உள்ள விலங்குகளில் இப்படி உணவு சேமிக்கும் பழக்கம் மிக அபூர்வம்.

இனி பாறைகள். ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் என்று சொல்லப்படும் மலைத்தொடர் நம் நீலகிரியைவிட உயரமானதல்ல. அங்கே மிக உயர்ந்த சிகரமான காஸ்கியூஸ்கோவே 2,228 மீட்டர்தான், தொட்டபெட்டா 2,637. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தெற்கே இருப்பதால் பனி கொட்டும். பனியுகத்தில் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்த நீர் உறைந்து உறைந்து விரிந்து பாறைகளைப் பிளந்தது. அந்தத் துண்டுகள் சரிவுகளில் ஆறு போல வழிந்து தேங்கின. ஒரு பாறைக் குவியலை மேலிருந்து பார்த்தால் வெறும் கற்கள். உள்ளே ஆள் இறங்க முடியாத ஆழம் வரை இடைவெளிகள், சந்து சந்தாக. மேலே கோடை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சி, குளிர்காலத்திலும் ஓரளவு நிலையான வெப்பநிலை. பர்ராமிஸின் வீடு, உக்கிராணம், படுக்கையறை எல்லாம் இந்தச் சந்துகள்தான். இப்படிப்பட்ட இடங்களை எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் சில சதுர கிலோமீட்டர்தான் தேறும்.

அப்புறம் தூக்கம். இணையத்தில் "குளிர்கால உறக்கம் கொள்ளும் ஒரே பை விலங்கு" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியல்ல. இதன் உறவான கிழக்குக் குள்ளப் பாஸம், நன்றாகக் கொழுத்த நிலையில், ஆய்வகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் உணவே இல்லாமல் உறங்கியதாகப் பதிவு இருக்கிறது. தென்னமெரிக்காவின் மோனிட்டோ டெல் மோன்ட்டே என்ற சிறு பை விலங்கும் உறங்கும். பர்ராமிஸின் தனித்தன்மை வேறு. உயர்மலையில் மட்டுமே வாழ்ந்து, ஆண்டுதோறும் பனிப்போர்வைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியப் பாலூட்டி அது.

இலையுதிர் காலத்தில் தின்று தின்று எடை ஏறும். நன்றாகக் கொழுத்தவை 80 கிராம் வரை போகும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு பாறைக்குள் ஆழமான இடத்தில் கூட்டில் பந்தாகச் சுருண்டு, வாலையும் காதையும் மடித்துக்கொண்டு படுத்துவிடும். பெரியவை ஏழு மாதம் வரை இப்படி இருக்கும். உடல் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கம்கூட அதைவிடச் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும்! ஒரேயடியாகத் தூங்குவதில்லை. சில நாள் முதல் இருபது நாள் வரை உறங்கி, ஒரு தடவை உடலைச் சூடேற்றி விழித்து, மறுபடி உறங்கும். ஒவ்வொரு விழிப்பிலும் சேர்த்து வைத்த கொழுப்பு கணிசமாகக் கரையும்.

இங்கேதான் பனியின் பங்கு. பனி என்றால் குளிர் என்று நாம் நினைக்கிறோம், பர்ராமிஸுக்கு அது கம்பளி. தடித்த பனிப்போர்வை இருந்தால் வெளியே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி மெலிந்தால், அல்லது சீக்கிரம் உருகினால், குளிர்க்காற்று சந்துகளுக்குள் நேரே இறங்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனால் விலங்கு தூங்கிக்கொண்டே உடலைச் சூடாக்க வேண்டும், உறைந்து சாகாமல் இருக்க. கொழுப்பு வேகமாகத் தீரும். வசந்தம் வரும்முன் கையிருப்பு காலி. பனிச்சறுக்குத் தடங்களுக்காக எந்திரம் வைத்துப் பனியை இறுக்கும் இடங்களிலும் இதே சிக்கல், இறுகிய பனி கம்பளியாக வேலை செய்யாது. வெப்பம் கூடினால் குளிர் பிடித்துச் சாகும் விலங்கு என்று சொன்னால் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் நடப்பது அதுதான்.

இனி அந்துப்பூச்சிக்கு வருவோம்.

பெயர் போகாங் அந்து. தென் குயின்ஸ்லாந்து, மேற்கு நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளில் பிறப்பது. அங்கே வெயிலில் பிளந்து மழையில் ஊறும் களிமண் நிலம் நிறைய உண்டு, நம் கரிசல் மாதிரியேதான். குளிர்காலத்தில் இதன் புழுக்கள் அந்த மண்ணுக்குள் இருந்துகொண்டு, இரவில் வெளிவந்து இளம் பயிரின் தண்டை அறுக்கும். வெட்டுப்புழு என்று நம் விவசாயிகள் சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. வசந்தத்தில் அந்தாகி வெளிவந்ததும், கோடை வெயிலுக்குத் தப்ப, ஆயிரம் கிலோமீட்டர் வரை பறந்து தெற்கே உயர்மலைக்கு வருகிறது. முன்னே பின்னே அந்த வழி போனதில்லை. வழி காட்டப் பெற்றோரும் இல்லை, அவை முன்பே இறந்திருக்கும். பூமியின் காந்தப்புலத்தை அது உணர்கிறது என்று எரிக் வாரன்ட் குழுவினர் 2018-இல் காட்டினார்கள். விண்மீன் நிறைந்த வானத்தையே திசைகாட்டியாகப் பயன்படுத்துகிறது என்று அதே ஆய்வாளர்களின் பணி 2025-இல் வெளியானது. ஒரு பூச்சி இவ்வளவு நீண்ட பயணத்துக்கு விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிவதாக நிறுவப்பட்டது அதுவே முதல் முறை.

மலைக்கு வந்த அந்துகள் குகைச் சுவரிலும் பாறை இடுக்கிலும் ஒன்றன் சிறகடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு, ஓடு வேய்ந்தது போல ஒட்டியிருக்கும். ஒரு சதுர மீட்டரில் சுமார் 17,000. கோடை முழுக்கத் தூக்கம், இலையுதிர் காலத்தில் திரும்பிப் போய் முட்டையிட்டுச் சாவு. உடம்பெல்லாம் கொழுப்பு. மழைக்காலத்தில் ஈசல் பிடித்து வறுத்துத் தின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மலைகளின் பழங்குடி மக்களும் அப்படித்தான், கோடையில் பல திசைகளிலிருந்தும் மலையேறி வந்து, சூடான சாம்பலில் அந்துகளை வறுத்துத் தின்று, அரைத்து மாவாக்கி எடுத்துப்போயிருக்கிறார்கள். குனைகுர்னாய் மக்களின் நிலத்திலுள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த அரைகல் ஒன்றில் அந்துப்பூச்சியின் எச்சம் ஒட்டியிருந்தது. அதன் காலம் சுமார் 2,000 ஆண்டு.

பர்ராமிஸ் வாழும் அதே பாறைச் சந்துகளுக்கு, அது பட்டினியோடு விழித்தெழும் அதே வசந்தத்தில், இந்தக் கொழுப்பு மூட்டைகள் தாமாகவே பறந்து வந்து சேர்கின்றன. பர்ராமிஸ் ஒன்றைப் பிடித்துச் சிறகைக் கழித்துப் போட்டுவிட்டு உடலைத் தின்னும். சந்துகளில் சிறகுகள் மட்டும் உதிர்ந்து கிடக்கும்.

குட்டி ஈனும் காலமும் இதை ஒட்டித்தான். பனி உருகியதும் இணை சேர்தல், இரண்டு வாரத்தில் பிறப்பு, அநேகமாக நவம்பர் வாக்கில். தாய்க்கு நான்கு காம்புதான். அதைவிட அதிகமாகக் குட்டிகள் பிறக்கலாம், காம்பைப் பிடித்த நான்கு மட்டும் பிழைக்கும். பையில் சுமார் ஒரு மாதம், கூட்டில் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். அந்தக் காலம் முழுக்கத் தாய்க்குப் பால் சுரக்க வேண்டும், அந்தப் பாலுக்கு அந்துப்பூச்சி வேண்டும். வருடத்துக்கு ஒரே ஈற்றுதான். ஆனால் பெண் விலங்கு 11 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பதிவுகள் உண்டு. ஒரு முட்டை எடையுள்ள பாலூட்டிக்கு இது வியக்கத்தக்க ஆயுள். நீண்ட உறக்கம் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். ஆண்கள் அவ்வளவு காலம் வாழ்வதில்லை.

ஆண், பெண் இரண்டும் ஒரே இடத்தில் வாழ்வதும் இல்லை. அந்து நிறைய வரும் உயரமான நல்ல பாறைச் சரிவுகள் பெண்களுக்கு. ஆண்கள் சற்றுக் கீழே, வெயில் படும் சரிவுகளில் உறங்கி முன்கூட்டியே எழுந்து மேலேறி வந்து, இணை சேர்ந்துவிட்டுக் கீழே போய்விடும். இதனால் ஹாதம் மலைக்கு அருகே ஒரு சிக்கல் வந்தது. ஹிகின்பாதம் மலையில் சாலையும் விடுதிகளும் பாறைக்குவியலைக் குறுக்கே வெட்டிவிட்டன. ஆண்கள் திரும்பிப் போக வழியில்லாமல் பெண்களின் இடத்திலேயே தங்கி, உணவைப் பங்குபோட்டு, பெண்கள் குளிர்காலத்தைத் தாண்டும் விகிதம் குறைந்தது. 1980-களின் நடுவில் அறுபது மீட்டர் நீளத்துக்குக் கற்களைக் குவித்து ஒரு பாதை அமைத்து, சாலைக்கடியில் சுரங்கவழி போட்டார்கள். உள்ளே வெறும் குழாய் அல்ல, பாறைக்குவியல் மாதிரியே கற்கள் நிரப்பியது. இரண்டு வாரத்துக்குள் ஆண்கள் அதன் வழியே போய்வரத் தொடங்கின, பெண்கள் பிழைக்கும் விகிதமும் தொந்தரவில்லாத இடங்களின் அளவுக்கு ஏறியது. காதல் சுரங்கம் என்று ஊரார் பெயரே வைத்துவிட்டார்கள். விலங்குகளுக்காகச் சாலைக்கடியில் வழி போடுவது பற்றி எங்கே பேசினாலும் நான் முதலில் சொல்லும் உதாரணம் இது, ஏனென்றால் போட்டதோடு நிற்காமல் பலன் வந்ததா என்று அளந்தும் பார்த்தார்கள்.

புல்லர் மலைக் கதையும் சொல்ல வேண்டியது. 1996-இல் அங்கே சுமார் 300 இருக்கும் என்று கணித்தார்கள். பத்து வருடத்துக்குள் நாற்பதுக்குச் சரிந்தது. பனிச்சறுக்கு வசதிகளுக்காக இடம் அழிந்தது, பூனையும் நரியும் வேட்டையாடின. எஞ்சியவை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ந்து மரபணு வகைகள் வேகமாகக் குறைந்தன. ஆண்ட்ரூ வீக்ஸ் முதலான ஆய்வாளர்கள் 2011 வாக்கில் ஹாதம் பகுதியிலிருந்து சில ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 20,000 ஆண்டு பிரிந்திருந்த கூட்டங்களைக் கலப்பது சரியா என்று தயங்கியவர்கள் உண்டு. கலப்பில் பிறந்தவை உடல் பெரிதாகவும், அதிகக் குட்டி ஈனுபவையாகவும் இருந்தன, எண்ணிக்கையும் மீண்டு 200 தாண்டியது. கலந்தது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். தூய்மை காக்கிறேன் என்று நாற்பதை நாலாக்குவதில் அர்த்தமில்லை.

அடுத்த அடி அந்துப்பூச்சி வழியே வந்தது. 2017 முதல் சமவெளியில் கடும் வறட்சி. கரிசல் மண் காய்ந்து புழுவுக்குப் பச்சை இல்லை. லட்சக்கணக்கில் அந்து ஒட்டியிருந்த குகைகளில் விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. 99 விழுக்காட்டுக்கு மேல் சரிவு என்று கணக்கிட்டார்கள். மலையில் பாறை அப்படியே இருந்தது, செடி இருந்தது, பனியும் இருந்தது. ஆனால் பல இடங்களில் தாய்களின் பையில் குட்டிகள் இறந்து கிடந்தன. பால் வற்றிப் போயிருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மழை பெய்யாததற்கு மலையுச்சியில் குட்டிகள் செத்தன. அதற்கு மேல் 2019-20 காட்டுத்தீ. காஸ்கியூஸ்கோ பகுதியில் எரிந்த பாறைச் சரிவுகளுக்குத் தண்ணீரும், மெக்கடேமியாப் பருப்பு, புழு, எண்ணெய் சேர்த்துச் சுட்ட 'போகாங் பிஸ்கட்'டும் கொண்டுபோய் வைத்தார்கள். அந்துப்பூச்சியின் சத்துக்கு ஈடாகத் தயாரித்தது அது. மழை திரும்பிய பிறகு அந்துகளும் ஓரளவு திரும்பின. ஆனால் 2021 டிசம்பரில் போகாங் அந்தையே அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. வறட்சி மட்டுமல்ல, பூச்சிக்கொல்லியும் நகர விளக்குகளும்கூடக் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. தலைநகர் கான்பராவில் நாடாளுமன்றக் கட்டட விளக்குகளுக்கு இந்த அந்துகள் மொய்த்தது பழைய கதை. அதனால்தான் வசந்த மாதங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளை அணைக்கும்படி விக்டோரியா விலங்குக் காட்சியகங்கள் மக்களைக் கேட்டுக்கொள்கின்றன.

இன்னொரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. பர்ராமிஸின் முன்னோர் புதைபடிவங்கள் ஆஸ்திரேலியாவின் ரிவர்ஸ்லீ முதலான இடங்களில் கிடைத்திருக்கின்றன, 2.5 கோடி ஆண்டு பழமை வரை. எல்லாம் தாழ்நில மழைக்காட்டு விலங்குகள். பல் கிட்டத்தட்ட அதே பல். அப்படியானால் இது குளிருக்கென்றே பிறந்த இனம் அல்ல. காடு மலையேறியபோது கூடவே ஏறி, காலநிலை மாறிக் காடு பின்வாங்கியபோது மேலேயே மாட்டிக்கொண்ட இனம். மைக் ஆர்ச்சர் என்ற தொல்லுயிரியலாளர் இதை வைத்து ஒரு யோசனை சொன்னார்: தாழ்வான, ஈரமான காட்டுக்குப் படிப்படியாகப் பழக்கிக் கொண்டுபோய் விட்டால் என்ன? லித்கோ ஊருக்கு அருகே அதற்கான வளர்ப்பிடம் தொடங்கியிருக்கிறார்கள். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் 2010-இல் லிண்டா புரூம் என்ற ஆய்வாளர் ஹேப்பி ஜாக்ஸ் பள்ளத்தாக்கில், 1,200 மீட்டர் அளவு உயரத்திலேயே, பனி அதிகம் நிற்காத இடத்தில் பர்ராமிஸ் வாழ்வதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு இந்த யோசனையை யாரும் எளிதில் தள்ளிவிட முடிவதில்லை. மலையில் இருப்பதைக் காப்பதை விட்டுவிடாமல், கூடவே இதையும் செய்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

காட்டில் வயது வந்தவை இன்று சில ஆயிரத்துக்குள்தான். கணக்கெடுப்பு ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது, முறை எளிமையானது. மாலையில் பாறைகளுக்கு நடுவே அலுமினியப் பொறிப்பெட்டிகளை வைத்து உள்ளே ஒரு வால்நட் பருப்புத் துண்டு. விடிந்ததும் போய்த் திறப்பார்கள். விலங்கைத் துணிப்பைக்கு மாற்றி எடை போட்டு, அடையாளச் சில்லு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பல வருடம் முன்பு பிடித்த அதே பெண்ணாக இருக்கலாம். பிறகு மெல்லத் திருப்பிப் பையை விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். அந்து வந்த வருடம் என்றால் உள்ளே நான்கு காம்பிலும் நான்கு இளஞ்சிவப்புக் குட்டிகள் தொங்கும்.